காதல் இழை இல்லாத கொரியத் தொடர்கள்: எதிலிருந்து தொடங்கலாம்?

வைகறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் தந்தையும் இரண்டு ஆண்டுகளாக இரவு உணவுக்குப் பிறகு கொரியத் தொடர்களைச் சேர்ந்து பார்த்து வருகிறோம். அப்பா நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கோப்பு எந்த மேசையில் தேங்கி நிற்கிறது, அதில் கையெழுத்திட மறுப்பவர் எதற்காக மறுக்கிறார் என்பது போன்றவற்றில்தான் அவருடைய மனம் செல்லும். காதல் கதைகள் மீது எங்கள் இருவருக்கும் வெறுப்பு இல்லை. வேறொன்றைச் சொல்வதாகத் தொடங்கிய கதை பாதி வழியில் காதலுக்குத் திரும்பிவிடுவதுதான் சோர்வளிக்கிறது. அண்மையில் பார்த்த ஒரு மருத்துவமனைத் தொடரின் முதல் நான்கு பகுதிகளில் அறுவை அரங்கின் பரபரப்பும் மருத்துவர்களின் தூக்கமின்மையும் அவ்வளவு உண்மையாக இருந்தன. ஆறாம் பகுதிக்குப் பிறகு நோயாளிகள் எல்லாம் பின்னால் போய்விட, இரண்டு மருத்துவர்களில் யாரை அந்தப் பெண் தேர்ந்தெடுப்பாள் என்பது மட்டுமே கதையாக மிஞ்சியது. அப்பா எழுந்து படுக்கப் போய்விட்டார்.

காதலே இல்லாத, அல்லது இருந்தாலும் கதையின் போக்கைத் தீர்மானிக்காத தொடர்களைப் பரிந்துரைக்க வேண்டுகிறேன். கொரியத் தொடர்களில் இந்த வழக்கம் ஏன் இவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

கல்மண்டபம் எழுதியது:

உங்கள் தந்தையின் சோர்வு கொரிய ரசிகர்களுக்கும் பழக்கமானதுதான். மருத்துவத் தொடர் என்றால் மருத்துவர்கள் மருத்துவமனையில் காதலிப்பது, சட்டத் தொடர் என்றால் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் காதலிப்பது என்று அங்கே நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். கதையில் ஓடும் காதல் இழைக்கு ‘லவ் லைன்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு புதிய தொடர் அறிவிக்கப்பட்டதும் அதில் லவ் லைன் உண்டா என்று கேட்கும் ரசிகர்கள் ஏராளம்.

காரணத்தைப் பொறுத்தவரை, தயாரிப்பு முறைக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து. வாரத்திற்கு இரண்டு பகுதிகள் வீதம், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்திற்கும் மேலாக, பதினாறு பகுதிகள் ஓடுவதே அங்கே நெடுங்காலம் வழக்கமான அமைப்பாக இருந்தது. பல தொடர்கள் ஒளிபரப்பு தொடங்கிய பிறகும் எழுதப்பட்டும் படமாக்கப்பட்டும் வந்தமையால், பார்வையாளர்கள் எந்த இணையை விரும்புகிறார்கள் என்பது அடுத்த வாரத்துத் திரைக்கதைக்குள் நுழைய இடம் இருந்தது. அடுத்த வாரம் வரை மக்களைக் காத்திருக்க வைக்க, சேருவார்களா மாட்டார்களா என்ற கேள்வியை விட எளிய கயிறு வேறு இல்லை. 2006-இல் தொடங்கிய டிவிஎன், 2011-இல் வந்த ஜேடிபிசி போன்ற கேபிள் அலைவரிசைகளும் பின்னர் இணையத் தளங்களும் வேறு வகைக் கதைகளுக்கு இடம் கொடுத்த பிறகுதான் அந்தக் கயிறு தளர்ந்தது.

உங்கள் தந்தைக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று: 2017-இல் டிவிஎன்னில் வந்த ‘ஸ்ட்ரேஞ்சர்’. அதன் கொரியப் பெயருக்கு ‘ரகசியக் காடு’ என்று பொருள். லீ சூயோன் எழுதிய இந்தத் தொடர் ஒளிபரப்புக்கு முன்பே முழுமையாகப் படமாக்கப்பட்டது. இடையில் எவருடைய விருப்பத்திற்காகவும் வளைய வேண்டிய தேவை அதற்கு இல்லை. சோ சுங்வூ நடித்த ஹ்வாங் ஷிமோக் என்ற அரசு வழக்கறிஞர், சிறுவயதில் ஒலிகளைத் தாங்க முடியாத வேதனைக்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அதன் விளைவாக உணர்ச்சிகளைப் பெரும்பாலும் இழந்தவர். அரசு வழக்கறிஞர்களுக்கு நெடுங்காலம் கையூட்டு கொடுத்து வந்த ஒரு தொழிலதிபரைச் சந்திக்கச் செல்லும் அவர், அவரைக் கொலையுண்டவராகக் காண்கிறார். பே தூனா நடித்த ஹான் யோஜின் என்ற காவல் அதிகாரியும் அங்கே வந்து சேர்கிறார். இருவரும் பதினாறு பகுதிகள் சேர்ந்து உழைக்கிறார்கள். காதல் என்ற பேச்சே எழுவதில்லை. ஆனால் அந்த உறவில் இருக்கும் மரியாதையும் நம்பிக்கையும், நான் பார்த்த பல காதல் தொடர்களைக் காட்டிலும் என்னை ஆழமாகத் தொட்டன. முகத்தில் எதையும் காட்டாத ஷிமோக்கை யோஜின் சிரிக்கும் முகத்துடன் வரைந்து காட்டும் இடம் ஒன்று வரும், கவனித்துப் பாருங்கள்.

ஒரு விளக்கத்தை மட்டும் முன்கூட்டியே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். நம் நாட்டில் புலனாய்வு காவல்துறையின் வேலை, வழக்கை நடத்துவது அரசு வழக்கறிஞரின் வேலை. முதல் பருவம் வந்த 2017-இல் கொரியாவிலோ அரசு வழக்கறிஞரே புலனாய்வை நடத்துவார், காவல்துறைக்கும் ஆணையிடுவார் என்ற நிலை இருந்தது. குற்றம் சாட்டுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் அதிகாரமும் அவர் கையில்தான் இருந்தது. இவ்வளவு அதிகாரம் ஒரே அலுவலகத்தில் குவிந்தால் என்ன நேரும் என்பதே முதல் பருவத்தின் உட்பொருள். 2020-இல் வந்த இரண்டாம் பருவம் அந்த அதிகாரத்தைக் காவல்துறைக்கும் பகிர்ந்தளிக்கும் பேச்சுவார்த்தையையே கதையாக எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு ஜனவரியில்தான் கொரிய நாடாளுமன்றம் அதற்கான சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியிருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி வழக்கறிஞராக வந்து நின்றால் கோப்புகள் எவ்வளவு விரைவாக மூடப்படுகின்றன என்பதும் அதில் வரும். சிரஸ்தாராக இருந்தவருக்கு இதை விட நெருக்கமான கதை அமையாது.

ஊசியிலை எழுதியது:

கல்மண்டபம் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் காதல் இல்லாத தொடர் என்றவுடன் கொலையும் புலனாய்வும் மட்டுமே பரிந்துரைக்கப்படுவது எனக்கு வருத்தம் தருகிறது. சாதாரண அலுவலக வாழ்க்கையைப் பேசும் தொடர்கள்தான் இந்த வகையின் உயர்ந்த சாதனை என்பது என் உறுதியான எண்ணம்.

2014-இல் வந்த ‘மிசேங்’ தொடரை முதலில் பாருங்கள். யூன் தேஹோவின் இணையச் சித்திரக்கதையை கிம் வோன்சோக் இருபது பகுதிகளாக இயக்கினார். ஜாங் கிரே என்ற இளைஞன் சிறுவயது முதல் பாதுக் ஆட்டத்தையே வாழ்க்கையாகக் கொண்டவன். கறுப்பும் வெள்ளையுமான கற்களைக் கட்டப் பலகையில் வைத்து ஆடும் அந்த ஆட்டத்தை ஜப்பானியர் ‘கோ’ என்பார்கள். தொழில்முறை ஆட்டக்காரனாகத் தேற முடியாமல் போன அவன், முறையான பள்ளிப் படிப்பும் இல்லாத நிலையில், ஒரு பெரிய வணிக நிறுவனத்தில் பயிற்சியாளனாக நுழைந்து பின்னர் இரண்டு ஆண்டு ஒப்பந்த ஊழியனாகிறான். பாதுக் ஆட்டத்தில், எதிரி சூழ்ந்துகொண்டாலும் அழிக்க முடியாதபடி இரண்டு ‘கண்கள்’ அமைந்த கற்கூட்டமே உயிருள்ளது. அந்த நிலையை இன்னும் எட்டாத கூட்டத்திற்குத்தான் ‘மிசேங்’ என்று பெயர். அதாவது, இன்னும் முழுமையாக உயிர் பெறாதது. ஒப்பந்த ஊழியனின் நிலையை இதைவிடச் சரியாகச் சொல்லும் சொல்லை நான் கண்டதில்லை.

நான் ஒரு நிறுவனத்தில் ஏழு ஆண்டுகள் ஒப்பந்தப் பணியில் இருந்தவள். பண்டிகைக்கு நிரந்தர ஊழியர்களுக்கு ஒரு பெட்டியும் எங்களுக்கு வேறொரு பெட்டியும் கொடுக்கப்பட்ட நாள் இன்றும் என் நினைவில் இருக்கிறது. ‘மிசேங்’ தொடரிலும் கிட்டத்தட்ட அதே காட்சி வரும். அன்று அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை, மறுநாள்தான் தொடர்ந்தேன். அந்தத் தொடர் கொரியாவில் ஏற்படுத்திய தாக்கம் எத்தகையது என்றால், ஒப்பந்த ஊழியர் தொடர்பாக அரசு முன்வைத்த திட்டத்திற்கே மக்கள் ஜாங் கிரேயின் பெயரைச் சூட்டிப் பேசினார்கள். அவனுடன் பணியில் சேரும் ஆன் யோங்கி என்ற பெண் அனைவரையும் விடத் திறமையானவள். அவளை எவருக்கும் காதலியாக்காமல், ஆண்கள் நிறைந்த குழுவில் அவள் நாள்தோறும் சகிக்க வேண்டியிருப்பதை மட்டுமே காட்டியிருக்கிறார்கள். அதற்காகவே நான் அந்தத் தொடருக்கு நன்றியுடையவள்.

அடுத்ததாக ‘ஸ்டவ் லீக்’. 2019 டிசம்பரில் தொடங்கிய இது, நான்கு ஆண்டுகளாகக் கடைசி இடத்திலேயே கிடக்கும் ஒரு பேஸ்பால் அணியின் நிர்வாக அலுவலகத்தைப் பற்றியது. ஆட்டம் நடக்காத குளிர்காலத்தில் வீரர்களை வாங்குவதும் விற்பதும் ஊதியம் பேசுவதுமே கதை. பேஸ்பால் விதி ஒன்றுகூடத் தெரியாத நான் ஒரே வாரத்தில் முடித்தேன். புதிய பொது மேலாளராக வரும் பேக் சுங்சூ இதற்கு முன் நிர்வகித்த மல்யுத்த அணி, ஹேண்ட்பால் அணி, ஐஸ் ஹாக்கி அணி ஆகிய மூன்றுமே கோப்பையை வென்றவை; வென்ற பிறகு மூன்றுமே கலைக்கப்பட்டவை. அவரும் நிர்வாகக் குழுத் தலைவியான லீ செயோங்கும் முதலிலிருந்து கடைசி வரை உடன் பணியாற்றுபவர்கள் மட்டுமே.

அதே பருவத்தில் வந்த ‘பிளாக் டாக்’ தொடரையும் விட்டுவிடாதீர்கள். சுற்றுலாப் பேருந்து சுரங்கப்பாதையில் விபத்துக்குள்ளாகும்போது மாணவியைக் காப்பாற்றி உயிர் துறக்கிறார் ஓர் ஆசிரியர். அவர் தற்காலிக ஆசிரியர் என்ற ஒரே காரணத்தால் பணியின்போது இறந்தவருக்கு உரியவை அவர் குடும்பத்திற்கு மறுக்கப்படுகின்றன. காப்பாற்றப்பட்ட மாணவியே வளர்ந்து தற்காலிக ஆசிரியையாக ஒரு பள்ளிக்குள் நுழைகிறாள். இது கற்பனையின் மிகை அன்று. 2014 செவோல் கப்பல் விபத்தில் மாணவர்களுடன் இறந்த இரண்டு தற்காலிக ஆசிரியர்களின் மரணம் பணியின்போது நேர்ந்ததாக ஏற்கப்பட 2017 வரை ஆயிற்று.

தனிக்குடை எழுதியது:

இந்தக் கேள்வி எழும் இடமெல்லாம் ‘சிக்னல்’ தொடரும் ‘மை மிஸ்டர்’ தொடரும் பரிந்துரைக்கப்படும். அவை குறித்து முன்னெச்சரிக்கையாகச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

2016-இல் வந்த ‘சிக்னல்’ ஒப்பற்ற தொடர். இரவு 11.23 மணிக்கு உயிர்பெறும் ஒரு பழைய வாக்கி டாக்கி வழியாக, நிகழ்காலக் காவலரும் கடந்த காலக் காவலரும் பேசிக்கொண்டு, தீராத வழக்குகளைத் தீர்க்க முயல்கிறார்கள். கொலை வழக்குகளுக்கு இருந்த காலவரம்பைக் கொரியா 2015-இல் நீக்கியதன் பின்னணியில் எழுந்த கதை அது. ஆனால் காதலே இல்லாதது என்று சொல்ல முடியாது. கிம் ஹேசூ நடித்த அதிகாரி, காணாமல் போன தன் மூத்த காவலரை நெடுங்காலமாகத் தேடுவதன் அடியில் சொல்லப்படாத அன்பு ஒன்று ஓடுகிறது. அது கதையைத் திசை திருப்புவதில்லை. உங்கள் இரண்டாவது அளவுகோலுக்குள் அடங்கும் என்றே நினைக்கிறேன்.

‘மை மிஸ்டர்’ வேறு வகை. நாற்பதுகளில் இருக்கும் கட்டடப் பொறியாளர் ஒருவரும் கடனில் மூழ்கிய இருபத்தொரு வயதுப் பெண்ணும் ஒருவர் மற்றவரைப் பிழைக்க வைக்கும் கதை. 2018-இல் ஒளிபரப்பானபோது அந்த வயது வேறுபாட்டைச் சுட்டிக் கொரியாவிலேயே கடுமையான விமர்சனம் எழுந்தது. முழுவதும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது காதல் கதை அன்று. ஆனால் முதல் நான்கு பகுதிகள் இருண்டவை, பொறுமை வேண்டும்.

உங்கள் தந்தைக்காக நான் சேர்க்க விரும்புவது, 2022-இல் வந்த பத்துப் பகுதிகள் கொண்ட ‘ஜுவனைல் ஜஸ்டிஸ்’. சிறார் நீதிமன்றத்தின் நீதிபதிகளே இதில் முதன்மைப் பாத்திரங்கள். கொரியச் சட்டத்தில் 10 வயது நிறைந்து 14 வயது நிறையாதவர்களுக்குக் குற்றவியல் தண்டனை கிடையாது. ஒன்று முதல் பத்து வரை எண்ணிட்ட பாதுகாப்பு ஆணைகளை மட்டுமே பிறப்பிக்க முடியும். பத்தாவது ஆணை, அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள் சிறார் சீர்திருத்த இல்லத்தில் வைப்பது. 13 வயதுச் சிறுவன் ஒருவன் தானே காவல் நிலையத்திற்கு வந்து கொலையை ஒப்புக்கொள்வதில் தொடங்குகிறது கதை. சிறார் குற்றவாளிகளை வெறுப்பதாக வெளிப்படையாகச் சொல்லும் நீதிபதியும், அவர்கள் மீது நம்பிக்கை இழக்காத நீதிபதியும் ஒரே அமர்வில் இருக்கிறார்கள். யார் சரி என்ற தீர்ப்பைத் தொடர் அவசரப்பட்டு வழங்குவதில்லை. முதல் வழக்கு மட்டும் மிகக் கொடூரமானது. நீங்கள் தனியாக ஒரு முறை பார்த்துவிட்டு அப்பாவுடன் உட்காருவது நல்லது.

வைகறை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ‘ஸ்ட்ரேஞ்சர்’ தொடரில் ஐந்து பகுதிகள் முடித்துவிட்டோம். பெயர்கள் குழம்புகின்றன என்று அப்பா ஒரு பழைய நாட்குறிப்பில் ஒவ்வொருவரின் பெயரையும் பதவியையும் யார் யாருக்குக் கீழ் என்பதையும் எழுதி வைத்திருக்கிறார். ஷிமோக்கும் யோஜினும் இவ்வளவு நெருங்கிப் பணியாற்றியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வதில்லையே, பதவியைச் சொல்லித்தானே அழைக்கிறார்கள் என்று நேற்று கேட்டார். அது கொரிய வழக்கமா, அல்லது இந்தத் தொடருக்கே உரியதா?

கல்மண்டபம் எழுதியது:

அப்பா மிக முக்கியமான இடத்தைக் கவனித்திருக்கிறார். பணியிடத்தில் பதவியுடன் மரியாதை விகுதி சேர்த்து அழைப்பது அங்கே பொது வழக்கம்தான். நமக்கு ‘நீ’, ‘நீங்கள்’ என்று இருப்பது போலக் கொரிய மொழியிலும் வினைமுற்றிலேயே மரியாதை வெளிப்படும். நெருக்கம் வந்தால் மரியாதை வடிவத்தை விட்டு இயல்பு வடிவத்திற்கு இறங்குவார்கள். காதல் தொடர்களில் அந்த இறக்கமே ஒரு முக்கியத் திருப்பமாக வைக்கப்படும். இந்த இருவரும் கடைசி வரை இறங்குவதில்லை என்பதை வைத்தே எழுத்தாளரின் உறுதியை அறியலாம். ஆங்கில வசன வரிகளில் இது முற்றிலும் மறைந்துவிடும் என்பதால், வரியைப் படிக்கும்போதே அவர்கள் பேச்சின் முடிவு ஒலியையும் கேட்டுக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். மேலதிகாரி ஒருவர் ஷிமோக்கிடம் பேசும்போது அந்த முடிவு மாறுவதை அப்பாவே கண்டுபிடித்துவிடுவார்.

வைகறை எழுதியது:

இன்றிரவு ஆறாம் பகுதி. நாட்குறிப்பில் அதற்கென ஒரு கட்டம் புதிதாக வரைந்துவிட்டார்.