ஏலத்தில எடுத்த ஆமி ஜெனரேற்றர், எஞ்சின் இறுகிப்போய் நிக்குது. இழுக்கலாமோ?

விசுவமடு கமம்:

வணக்கம், மிசின் வேலை தெரிஞ்ச ஆக்கள் ஆராவது இருந்தா கொஞ்சம் வாசிச்சுப் பாருங்கோ. ஏலத்தில ஒரு பழைய ஆமி ஜெனரேற்றர் எடுத்தனான், ரெண்டு சில்லு ரெயிலரில பூட்டினது, பச்சைப் பெட்டி, ரயர் ரெண்டும் வெடிச்சு உக்கிப் போச்சு, ஆனா கதவைத் திறந்து பார்த்தா உள்ளுக்க ஒரு சாமானும் களவு போகேல்லை, அதைக் கண்டிட்டுத்தான் ஆசைப்பட்டு எடுத்தது. எஞ்சின் பேர்கின்ஸ் மூண்டு சிலிண்டர், தகட்டில டி3.152 எண்டு கிடக்கு. மற்றத் தகட்டில 20 கே.வி.ஏ. எண்டதை வாசிக்கலாம், 400 எண்டு ஒரு இலக்கம் தெரியுது, மிச்சத்துக்கு மேல பச்சைப் பெயின்ற் அடிச்சிருக்கினம்.

பிரச்சினை என்னெண்டா எஞ்சின் சுத்தேல்லை. 12 வோல்ட் பற்றறி ஒண்டு குடுத்துப் பார்த்தன், ஸ்ராட்டரில "டிக்" எண்டு ஒரு சத்தம் மட்டும்தான். பிறகு முன் புல்லி நட்டில சொக்கற் போட்டு நாலடிப் பைப் செருகி நானும் தம்பியும் தொங்கிப் பார்த்தம், அசையவே இல்லை. ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தா மட்டம் கூட நிக்குது, நிறம் பால்தேத்தண்ணி மாதிரி. சைலன்சர் பைப் வானத்தைப் பார்த்தபடி நிக்குது, மூடி இல்லை, எத்தினை மாரி நனைஞ்சுதோ தெரியாது.

வீட்டோட சின்ன அரைக்கிற மில் ஒண்டு இருக்கு, 10 குதிரைவலு மோட்டர், மூண்டு பேஸ். மாரியில காத்து அடிச்சு மரம் லைனில விழுந்தா ரெண்டு நாள் மூண்டு நாள் கரண்ட் இல்லை, அரைக்க வந்த சனம் சைக்கிளில மூட்டையைத் திருப்பிக் கட்டிக்கொண்டு போறதைப் பார்க்க மனம் கேக்காது. கச்சான் வித்த காசு முழுக்க இதுக்குள்ள போட்டிட்டன். பக்கத்துக் காணி அண்ணை சொல்லுறார் புல்லியில பெல்ற் சுத்தி உழவு மெசினால இழுத்தா விட்டிடும் எண்டு. எனக்குப் பயமாக் கிடக்கு. இழுக்கலாமோ?

பரந்தன் பழைய மிசின்காரன்:

தம்பி இழுக்காதையும். இழுத்தா ஏதோ ஒண்டு விடும், விடுறது நீர் நினைக்கிற சாமானா இராது, கொன்ரொட் (பிஸ்டனைப் பிடிச்சிருக்கிற தண்டு) வளையும், இல்லாட்டி இறுகின வால்வ் பிஸ்டனில முட்டி வளையும், வால்வைத் தள்ளுற புஷ்ரொட் கம்பியும் வளையும், பிறகு கச்சான் காசு மட்டும் காணாது.

முதல் வேலை எது இறுகினது எண்டு கண்டுபிடிக்கிறது. எஞ்சின் எண்டு நீர் முடிவெடுத்திட்டீர், ஆனா உந்த ஜெனரேற்றரில எஞ்சினுக்கும் அங்கால சுத்துறதுக்கும் நடுவில கிளச் ஒண்டும் இல்லை, பிளைவீலில மெல்லிய தகடு போட்டு நேர ஒல்ரனேற்றர் (கரண்ட் தயாரிக்கிற பக்கம்) ரோட்டரைப் பூட்டியிருப்பாங்கள். அங்க பெயரிங் கறள் பிடிச்சாலும், சுத்துற ரோட்டருக்கும் சுத்தாமல் நிக்கிற ஸ்ரேற்றருக்கும் நடுவில குளவி மண்கூடு கட்டி இறுகினாலும், புல்லி நட்டில தொங்கிற ஆளுக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியும். தண்ணிப் பம்பும் அப்பிடி, டீசல் பம்பும் அப்பிடி. அதால விசிறி பெல்ற்றைக் கழட்டி தண்ணிப் பம்பைக் கையால சுத்திப் பாரும். டீசல் பீய்ச்சிற மூண்டு இன்ஜெக்டரையும் கழட்டும், சிலிண்டருக்குள்ள தண்ணி நிறைஞ்சு நிண்டா தண்ணி அமுங்காது, கறளே இல்லாமலும் எஞ்சின் சுத்தாது. வால்வை அமத்திற ரொக்கரையும் தூக்கி வையும், வால்வ் இறுகியிருந்தா புஷ்ரொட் தப்பும். இவ்வளவும் செய்தும் அசையேல்லை எண்டா ஒல்ரனேற்றரைக் கழட்டி பின்னுக்கு இழுத்துப்போட்டு ரெண்டையும் தனித்தனியாப் பாரும்.

நீர் சந்தோசப்படவும் ஒரு விசயம் இருக்கு. உந்த எஞ்சின் எங்களுக்குப் புதுசில்லை, வயலில ஓடுற மசி பேர்கசன் 135, 240 எல்லாத்திலயும் உதே குடும்பம்தான் நிக்குது. 152 எண்டது கன அங்குலம், ரெண்டரை லீற்றர். லைனர் (சிலிண்டருக்குள்ள நிக்கிற குழாய்), ரிங், பெயரிங், காஸ்கட் ஒண்டுக்கும் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை, ஆனா கடையில 240 க்கு எண்டு மட்டும் சொல்லாமல் எஞ்சின் நம்பரை எழுதிக்கொண்டுபோய்க் காட்டும்.

ஊறப்போடுறதுக்கு ஏ.டி.எஃப். எண்ட, ஓட்டோமற்றிக் கியருக்கு விடுற ஒயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி. அசிட்டோன் முல்லைத்தீவுப் பக்கம் பைபர் வள்ளம் செய்யிற ஆக்களிட்ட கேட்டா எடுக்கலாம். கலந்து வைச்சா ரெண்டும் பிரிஞ்சு போடும், ஒவ்வொரு முறையும் குலுக்கி ஊத்தோணும், பக்கத்தில பீடி சுருட்டு கூடாது. இன்ஜெக்டர் ஓட்டையால ஊத்தேக்க ஒண்டை யோசியும், பிஸ்டன் தலையில குழி இருக்கு, முதல் ஊத்திறதை அந்தக் குழியே குடிச்சிடும், ரிங் நிக்கிற ஓரத்துக்குப் போகாது. அதுக்கு மேல ஊத்தினாத்தான் வேலை. ஊத்திப்போட்டு கம்பி விட்டு மட்டம் பாரும். இறங்கிற சிலிண்டர் இளகின சிலிண்டர், நாள்கணக்கா இறங்காமல் நிக்கிறதில கறள் தடிப்பு.

இன்னொண்டு, சாமான் தேடுறன் எண்டு காட்டோரம் கிடக்கிற பழைய இரும்புக் குவியல்களைக் கிண்டாதையும். சண்டைக்காலத்து வெடிக்காத சாமான் இன்னும் எடுத்து முடியேல்லை.

அக்கராயன் பெடியன்:

ஐயா சொன்னதெல்லாம் சரி, ஆனா ஹெட்டை (எஞ்சின்ர மேல் மூடி) கழட்டாமல் ஊறப்போட்டு விடுவிக்கிறதில எனக்கு உடன்பாடில்லை. நான் ஒரு 135 அப்பிடி ஊறவிட்டு பாரில தட்டித் தட்டி விடுவிச்சனான், சந்தோசமாத்தான் இருந்தது, ஓடினாப் பிறகு நீலப் புகை, ஒயில் குடி. கழட்டிப் பார்த்தா பிஸ்டனுக்கு மேல லைனரில கறள் வளையம் இருந்திருக்கு, அதை அழிக்காமல் பிஸ்டனை மேல ஏத்தினதில ரிங் உடைஞ்சு லைனர் கீறிப்போச்சு. ஒயில் பால் மாதிரி நிக்குது எண்டு அண்ணையே சொல்லுறார், எப்பிடியும் சம்ப் (அடியில இருக்கிற ஒயில் தட்டு) இறக்கோணும், அதோட ஹெட்டையும் தூக்குங்கோ, ஒரு காஸ்கட் காசுதான். கண்ணால பார்த்துச் செய்யலாம். பழைய காஸ்கட், சைலன்சர் சுத்தின துணி இதுகளில அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், காய்ஞ்சபடி சுரண்டாமல் தண்ணி தெளிச்சுப்போட்டு எடுங்கோ, தூசு மூக்குக்குள்ள போகக் கூடாது.

பரந்தன் பழைய மிசின்காரன்:

தம்பி சொல்லுறது சரி, அவர் சொன்னபடியே ஹெட்டைத் தூக்கும். நான் பழகின காலம் வேற, 90 களில சண்டை, சாமான் வரத் தடை, ஹெட் காஸ்கட் ஒண்டு கெட்டா வன்னிக்குள்ள அடுத்தது எப்ப வரும் எண்டு ஆருக்கும் தெரியாது, டீசல் இல்லை, மோட்டச்சைக்கிளே ஒரு சொட்டுப் பெற்றோலில ஸ்ராட் எடுத்து மண்ணெண்ணெயில ஓடினது, அதால எதையும் கழட்டாமல் விடுவிக்கத்தான் கை முதல் போகும். இப்ப அந்தத் தேவை இல்லை.

மாங்குளம் வயறிங்:

நான் கரண்ட் பக்கம் சொல்லுறன். அண்ணை அந்தத் தகட்டைச் சுரண்டாதையுங்கோ, தின்னர் தோய்ச்ச துணியால பொறுமையாத் துடையுங்கோ, பெயின்ற் மட்டும் கழரும். அந்த 400 வோல்ட்டோ ஹேர்ட்ஸோ எண்டு பார்த்துப்போட்டு மற்ற வேலையில கைவையுங்கோ. ஆமிச் சாமானில ரேடார், விமானச் சோலிக்கு எண்டு 400 ஹேர்ட்ஸ் ஜெனரேற்றர் இருக்கு, அது வந்தா உங்கட மில் மோட்டருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. சிலது 28 வோல்ட் டி.சி. மட்டும் தரும். எங்களுக்குத் தேவை 400/230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், 1500 சுத்து.

ஸ்ராட்டரிலயும் என்ன வோல்ட் எண்டு பாருங்கோ. ஆமிச் சாமான் கனக்க 24 வோல்ட், ரெண்டு பற்றறி தொடரா. 12 குடுத்தா "டிக்" எண்டுறதோட நிக்கும், நீங்கள் கேட்ட சத்தம் அதுவாயும் இருக்கலாம்.

ஒல்ரனேற்றர் இத்தினை காலம் ஈரத்தில நிண்டது. ஏ.வி.ஆர். (வோல்ட்டைக் கட்டுப்படுத்திற சாமான்) வயர்களைக் கழட்டி, டயோட்டுகளையும் விலத்திப்போட்டு 500 வோல்ட் மெகரால (கரண்ட் ஒழுகுதோ எண்டு பார்க்கிற மீற்றர்) பாருங்கோ, ஒரு மெகோமுக்குக் கீழ எண்டா ஓட்டாதையுங்கோ. மூடியைக் கழட்டி வெயிலில விடுங்கோ, இரவில 100 வாட் குண்டு பல்ப் ரெண்டை உள்ளுக்க எரியவிடுங்கோ, ஒரு கிழமையில ஏறும். எஞ்சின் ஓடியும் கரண்ட் வரேல்லை எண்டா பயப்படாதையுங்கோ, கனகாலம் நிண்டா இரும்பில மிஞ்சியிருக்கிற காந்தம் போயிடும், பற்றறியால எக்ஸைற்றருக்கு (ரோட்டருக்குக் காந்தம் ஊட்டுற பகுதி) கொஞ்சம் உயிர் குடுத்தா வரும், அந்த நேரம் கேளுங்கோ.

மோட்டருக்குக் கணக்கு: 20 கே.வி.ஏ. எண்டா 16 கிலோவாட், ஒரு பேஸுக்கு 29 அம்பியர். 10 குதிரைவலு மோட்டர் ஓடேக்க 15 அம்பியர் அளவில நிக்கும், ஆனா நேர ஸ்ராட் பண்ணினா அந்த நேரம் மட்டும் 90 கிட்டப் பாயும். ஸ்ரார் டெல்ரா ஸ்ராட்டர் கட்டாயம், அதால மூண்டில ஒண்டாக் குறையும்.

முள்ளியவளை அக்கா:

எனக்கு எஞ்சின் தெரியாது, ஆனா ஒண்டு சொல்லாமல் போக ஏலாது. என்ர தம்பி லைனில ஏறி வேலை செய்யிறவன். மாரியில லைன் அறுந்த இடத்துக்கு விடிய விடிய மழைக்குள்ள போறவன். லைன் ஓஃப் எண்டு நினைச்சு கைவைக்கேக்க ஆரோ ஒரு வீட்டில ஜெனரேற்றரை நேர வீட்டு வயறிங்கில குத்தியிருந்தா, அந்தக் கரண்ட் மீற்றரால வெளிய வந்து தெரு ட்ரான்ஸ்போமரில தலைகீழா ஏறி ஆயிரக்கணக்கான வோல்ட்டா அவன்ர கைக்கு வரும். நீங்கள் ஜெனரேற்றர் ஓட்டப்போறதே லைன் அறுந்த நாளிலதான். தயவுசெய்து மாத்திற சுவிச் போடாமல் மில்லுக்குக் குடுக்காதையுங்கோ, ஒரு பக்கம் லைனில வாற கரண்ட், மறுபக்கம் ஜெனரேற்றர், ரெண்டும் ஒரே நேரத்தில ஒட்டவே ஏலாத சுவிச். மில்லுக்குள்ள வைச்சும் ஓட்டாதையுங்கோ, புகைக்குள்ள இருக்கிற காபன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை.

விசுவமடு கமம்:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, சுவிச் இல்லாமல் குடுக்க மாட்டன், இது உறுதி.

ஒரு மாசத்துக்குப் பிறகு எழுதுறன். தகட்டைத் துடைச்சன், 400/230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், 1500, பார்த்தவுடன தம்பியைக் கட்டிப்பிடிச்சிட்டன். ஸ்ராட்டர் 24 தான். ஒல்ரனேற்றரைக் கழட்டினா அது கையால சுத்துது, அப்ப எஞ்சின்தான். சம்ப் நட்டை இளக்க முதல் ரெண்டு லீற்றர் தண்ணி வந்தது, பிறகுதான் ஒயில். ஹெட்டைத் தூக்கினம். ஒண்டும் ரெண்டும் கண்ணாடி மாதிரி நிக்குது, மூண்டாவது சிலிண்டர் முழுக்கச் சிவப்பு, அதின்ர புகை வால்வ் திறந்தபடி இறுகியிருந்தது, சைலன்சரால இறங்கின மழை நேர அதுக்குள்ளதான் போயிருக்கு. இப்ப பைப்பில ஒரு பால்ரின் கவிட்டு வைச்சிருக்கிறன்.

பெடியன் சொன்ன அந்தக் கறள் வளையத்தை மெல்லிய எமறிப் பேப்பரும் டீசலும் போட்டு அழிச்சம், பிறகு ஊறப்போட்டம். ஒன்பது நாள் ஒண்டும் இல்லை. முதிரைக் கட்டையை பிஸ்டன் தலை அளவுக்கு வட்டமாச் சீவி வைச்சு மேலால தட்டினம், தம்பி புல்லியில பைப் பிடிச்சபடி. பத்தாம் நாள் காலமை பிளைவீலில சோக்கால போட்ட கோடு ஒரு பல்லு நகர்ந்து நிண்டது. சத்தம் கூட வரேல்லை. பிறகு ஐயா முந்தி ஒருக்கா ஃபோனில சொன்ன மாதிரி மேல ஏத்த அவசரப்படாமல் ஒரு பல்லு முன்னுக்கு, ஒரு பல்லு பின்னுக்கு, ஒயில் விட்டு விட்டு, பின்னேரம் முழுச் சுத்து வந்திட்டுது. அம்மா வந்து பார்த்து அழுதிட்டா.

மூண்டாவது லைனரில குழி விழுந்திருக்கு, அதுக்கு லைனரும் ரிங்கும் ஓடர் குடுத்திட்டன். பெயரிங் ஓடுகளில நிறம் மாறியிருக்கு, அதையும் மாத்திறன். இப்ப மிஞ்சினது டீசல் பம்ப், சி.ஏ.வி. டி.பி.ஏ. எண்டு கிடக்கு. கழட்டினா சுத்துதில்லை. உள்ளுக்குத் திறந்து பார்க்கலாமோ?

பரந்தன் பழைய மிசின்காரன்:

வாசிக்க எனக்கும் கண் கலங்கிப் போச்சு தம்பி. பம்பைத் திறக்காதையும். அதுக்கு ஒயில் இல்லை, டீசல்தான் அதுக்கு ஒயில், உள்ளுக்க இடைவெளி தலைமயிரை விடக் கனக்கக் குறைவு, தண்ணி கலந்த டீசலில நிண்டு கறள் பிடிச்சிருக்கும், வீட்டு மேசையில வைச்சுத் திறந்தா சரிவராது. பம்பைப் பூட்டிச் சோதிக்கிற பெஞ்ச் இருக்கிற கடையில குடும், மூண்டு இன்ஜெக்டர் நொஸிலையும் சேர்த்துக் குடும். திருப்பிப் பூட்டேக்க பிளேன்ஜில இருக்கிற கோடும் கோடும் நேர நிக்கோணும். வால்வ் இடைவெளி எஞ்சின் குளிரில 12 தௌ (அங்குலத்தை ஆயிரமாப் பிரிச்சதில 12). நொஸில் பீய்ச்சிறதை ஒருநாளும் கைக்கு நேர பார்க்காதையும், அந்த அழுத்தத்தில டீசல் தோலுக்குள்ளயே ஏறும்.

டாங்கை முழுக்கக் கழுவி புது டீசல், புது பில்ரர் போடும். முதல் ஸ்ராட்டுக்கு முதல் நிப்பாட்டிற லீவரை இழுத்துப் பிடிச்சபடி ஸ்ராட்டரால சுத்தி ஒயில் பிரசர் முள்ளு எழும்புறதைக் காணும், பிறகு விடும். 20 நிமிசம் ஓடவிட்டு ஒயிலை மாத்தும், உள்ளுக்க மிஞ்சின தண்ணி அதோட வரும்.

காத்துப் பில்ரரைக் கழட்டிப்போட்டு எஞ்சின் காத்து எடுக்கிற வாய்க்கு அளவா ஒரு தடிச்ச பலகை வெட்டி வையும். பம்ப் பிடிச்சு எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஏறினா லீவர் கேக்காது, காத்தை அடைச்சாத்தான் நிக்கும். வெறுங்கையால அடைக்கக் கூடாது. உம்மட தம்பியை அந்தப் பலகையோட நிப்பாட்டும், அவருக்கு அந்த நேரம் வேற ஒரு வேலையும் குடுக்காதையும்.