பழைய தேக்கில் படிப்பு மேசை: மேற்பலகையைச் சட்டத்தோடு இறுக்கித் திருகலாமா?

வைகைக்கரை (கேள்வி):

வணக்கம். மதுரையில் எங்கள் குடும்பத்தின் பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த தேக்கு நிலைக்கால்களை அறுவை ஆலையில் கொடுத்துப் பலகைகளாக அறுத்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 130 மி.மீ. அகலமும் 28 மி.மீ. கனமும் உள்ளது. இவற்றில் ஆறு பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டி, 1200 மி.மீ. நீளமும் 750 மி.மீ. அகலமும் கொண்ட மேற்பலகையாக்கி, என் மகளுக்குப் படிப்பு மேசை ஒன்று செய்ய எண்ணியுள்ளேன். மரவேலை எனக்குத் தொழில் அன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைமாடியில் செய்யும் பொழுதுபோக்குதான். கையில் இழைப்புளி, சில உளிகள், துளையிடும் இயந்திரம், வட்ட ரம்பம், நான்கு நீளமான கிளாம்புகள் ஆகியவை இருக்கின்றன.

கால்சட்டத்தின் மேல் பலகையை வைத்து, அடியிலிருந்து எட்டுத் திருகாணிகளை நன்றாக இறுக்கிவிட்டால் போதும் என்கிறார் எங்கள் தெரு ஆசாரி. அமெரிக்க, கனடியக் காணொளிகளில் வருபவர்கள் அப்படிச் செய்யவே கூடாது என்கிறார்கள். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது காற்று வறண்டு, பலகை சுருங்கி வெடித்துவிடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். நமக்குப் பனியும் இல்லை, வீட்டைச் சூடாக்கும் வழக்கமும் இல்லை. அப்படியிருக்க, இந்த எச்சரிக்கை நமக்கும் பொருந்துமா? பலகைகளை ஒட்டும்போது உள்ளே மரக்குச்சிகள் கொடுக்க வேண்டுமா என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அதே வீட்டின் இரட்டைக் கதவுகள் இன்னும் பிரிக்கப்படாமல் சுவரில் சாய்ந்திருக்கின்றன.

இழைப்புளி:

வணக்கம். பொருந்தும், காரணம் மட்டும் வேறு. மரம் குளிரையும் வெப்பத்தையும் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. காற்றிலுள்ள ஈரத்துக்கு ஏற்பவே அது ஈரத்தை உறிஞ்சி ஊதுகிறது, விட்டுச் சுருங்குகிறது. காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டிலேயே நெடுநாள் நின்றால் மரத்திலுள்ள ஈரம் ஏறத்தாழ 16 விழுக்காட்டை நோக்கிப் போகும். காற்று 40 விழுக்காட்டுக்கு இறங்கினால் மரம் 7, 8 விழுக்காட்டை நோக்கி இறங்கும். கனமான பலகை மெதுவாகவே மாறுவதால் இந்த இரண்டு எல்லைகளையும் அது ஒரே ஆண்டில் தொடுவதில்லை. இருந்தாலும் மதுரையின் ஏப்ரல், மே மாதக் காய்ச்சலுக்கும் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கும் இடையில் மரத்தின் ஈரத்தில் 4 விழுக்காட்டு மாற்றம் வரும் என்று எடுத்துக்கொண்டு வேலை செய்வது பாதுகாப்பானது.

இந்த மாற்றம் நீளவாக்கில் கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவுக்குச் சிறியது. அகலவாக்கில்தான் எல்லாம் நடக்கிறது. அங்கும் பலகை எப்படி அறுபட்டது என்பதைப் பொறுத்து அளவு மாறும். பலகையின் வெட்டு முனையைப் பாருங்கள். வளையக் கோடுகள் பலகையின் முகத்தோடு படுத்தாற்போல் ஓடினால், தேக்கில் ஒவ்வொரு விழுக்காட்டு ஈர மாற்றத்துக்கும் அகலம் ஏறத்தாழ 0.19 விழுக்காடு மாறும். கோடுகள் முகத்துக்குச் செங்குத்தாக நின்றால் 0.10 விழுக்காடுதான். உங்கள் 750 மி.மீ. அகலத்துக்கு 4 விழுக்காட்டு மாற்றத்தைக் கணக்கிட்டால், முதல் வகையில் ஐந்தரை மி.மீ., இரண்டாம் வகையில் 3 மி.மீ. வருகிறது. இத்தனைக்கும் மிகக் குறைவாக அசையும் மரங்களில் ஒன்று என்று தேக்குக்குப் பெயர். பலகைக்குக் குறுக்கே ஓடும் கால்சட்டமோ தன் நீளத்தில் அசையாமல் நிற்கும். இரண்டையும் எட்டு இடங்களில் இறுக்கிப் பிணைத்துவிட்டால், சுருங்க இடமில்லாத பலகை தன் பலவீனமான ரேகை ஒன்றில் பிளந்துகொள்ளும்; ஊதும் காலத்திலோ நடுவில் மேடிடும்.

காணொளிகளை நம்ப வேண்டாம். சுவரில் சாய்த்து வைத்திருக்கும் உங்கள் கதவையே பாருங்கள். சுற்றியுள்ள சட்டங்கள் துளையும் கழுந்துமாக (துளைக்குள் நுழையும் முனையுமாக) பூட்டப்பட்டு, மர ஆணி அடித்து இறுக்கப்பட்டிருக்கும். நடுவிலுள்ள அகலப் பலகைகள் சட்டத்தில் வெட்டிய காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) பசையோ ஆணியோ இல்லாமல் சும்மா செருகப்பட்டிருக்கும். பழைய சாயத்தின் ஓரத்தில் சாயமே படாத ஒரு மெல்லிய கோடு தெரிந்தால், அந்தப் பலகை ஆண்டுதோறும் காடிக்குள் போய் வந்த தடம் அது. அந்த அசைவுக்கு இடம் வைத்துத்தான் அந்தக் காலத்து ஆசாரிமார் கதவு செய்தார்கள்.

உங்கள் மேசைக்கு எளிய வழி ஒன்று சொல்கிறேன். நீளச் சட்டங்கள் இரண்டின் உட்பக்கத்திலும் மேல்விளிம்பிலிருந்து 12 மி.மீ. கீழே சிறு காடிகள் வெட்டுங்கள். படிபோல் வெட்டிய மரத்துண்டின் நாக்கு அந்தக் காடிக்குள் நுழைய வேண்டும். துண்டின் மறுபாதியைப் பலகையின் அடியில் திருகுங்கள். நாக்கின் நுனிக்கும் காடியின் உட்சுவருக்கும் இடையில் 4 மி.மீ. வெளி விட்டால், பலகை கீழ்நோக்கி இறுகப் பிடிபட்டிருக்கும். அகலவாக்கில் வழுக்கவும் இடமிருக்கும். காடி வெட்டச் சோம்பலாக இருந்தால், குறுக்குச் சட்டத்தில் திருகாணித் துளையைப் பலகை அசையும் திசையில் 10 மி.மீ. நீள்துளையாக்கி, அகன்ற வாஷர் போட்டு, வாஷர் கையால் லேசாகத் திரும்பும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். இரண்டு முறையிலும் நடுக்கோட்டில் மட்டும் ஒரு திருகாணியை இறுக்கமாகப் போட்டால், அசைவு இரு பக்கமும் சமமாகப் பிரியும்.

கொட்டாப்புளி:

ஒட்டுவது பற்றி நான் எழுதுகிறேன். பலகையின் நீள விளிம்பும் நீள விளிம்பும் இடைவெளியின்றிச் சேர்ந்தால், சாதாரண வெள்ளை மரப்பசையின் ஒட்டு மரத்தைவிட வலிமையானது. மரக்குச்சிகள் வலுவுக்குத் தேவையில்லை. பலகைகள் மேலும் கீழும் வழுக்காமல் நிற்க உதவும், அவ்வளவுதான். துளைகள் அரை மி.மீ. விலகினாலும் குச்சிகளே பலகைகளைச் சேரவிடாமல் தடுக்கும் என்பதால், உங்கள் நிலையில் நான் தவிர்ப்பேன்.

உழைப்பு முழுவதையும் விளிம்பில் போடுங்கள். சேர வேண்டிய இரு பலகைகளையும் முகத்தோடு முகம் சேர்த்துக் கவ்வியில் பிடித்து, இரண்டு விளிம்புகளையும் ஒன்றாக இழையுங்கள். இழைப்புளி சற்றுச் சாய்ந்திருந்தாலும், விரித்து வைக்கும்போது ஒன்றின் சாய்வை மற்றொன்று சரிசெய்துவிடும். தேக்கில் இயற்கையான எண்ணெய் உண்டு. ஆகவே இழைத்த அன்றே ஒட்டிவிடுங்கள், அதற்குமுன் விளிம்பை அசிட்டோனால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். நான்கு கிளாம்புகளை வைத்துக்கொண்டு ஆறு பலகைகளையும் ஒரே மூச்சில் ஒட்ட முயல வேண்டாம். மும்மூன்றாக இரண்டு பாதிகள் செய்து, மறுநாள் அவற்றைச் சேருங்கள். கிளாம்புகளை மேலும் கீழும் மாற்றி மாற்றிப் போட்டால் பலகை வளையாது. பசையிலுள்ள நீர் விளிம்புகளை ஊதச் செய்திருக்கும். ஒருநாளாவது ஆறவிடாமல் மேற்பரப்பை இழைத்தால், பிறகு ஒட்டுக்கோடுகள் பள்ளமாகத் தெரியும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நிலைக்கால்களில் பழைய சாயம் இருந்ததா? வீட்டு உபயோகச் சாயங்களில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய சாயம் எதுவாயினும் ஈயம் இருப்பதாகவே கருதுங்கள். உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்காதீர்கள், வெப்பக்காற்றுக் கருவியால் சுடாதீர்கள். ஈரப்படுத்திச் சுரண்டி, சுரண்டியதைக் கட்டி அகற்றுங்கள். அந்தத் தூள் குழந்தைகளுக்குத்தான் மிகுந்த கேடு. உள்ளே முறிந்து புதைந்த ஆணிகளையும் காந்தம் வைத்துத் தேடிவிடுங்கள். ஓர் ஆணி போதும், இழைப்புளியின் அலகு போய்விடும்.

தாமிரபரணி:

இழைப்புளி அவர்களின் விளக்கத்தை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் தாத்தா காலத்துச் சாப்பாட்டு மேசை ஒன்று, மேலிருந்து ஆணி அடித்து இறுக்கப்பட்டு, இன்றுவரை ஒரு வெடிப்பும் இல்லாமல் நிற்கிறது. அதை எப்படி எடுத்துக்கொள்வது?

இழைப்புளி:

அந்த மேசையின் பலகைகள் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டவையா என்று பாருங்கள். பழைய மேசைகள் பலவற்றில் பலகைகளை ஒட்டாமல் அருகருகே அடுக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடித்திருப்பார்கள். 125 மி.மீ. பலகை தனித்து அசையும்போது அதன் பங்கு ஒரு மி.மீ. அளவுதான். அந்தச் சிறு அசைவுக்கு ஆணியும் வளைந்து கொடுக்கும், பலகைகளுக்கு இடையிலுள்ள கோடும் விரிந்து சுருங்கும். ஆறு பலகைகளையும் ஒட்டி ஒன்றாக்கிய பிறகு அந்த ஆறு பங்கும் ஒன்றுசேர்ந்து ஓரங்களில் வந்து நிற்கும். தெரு ஆசாரி சொன்னது பிழையென்றும் நான் சொல்ல மாட்டேன். இன்று அவர் கையில் வருவதில் பெரும்பகுதி பிளைவுட், அதன் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால் அது ஏறக்குறைய அசைவதே இல்லை. பிளைவுட்டுக்கு இறுக்கித் திருகுவதுதான் சரி.

வைகைக்கரை:

மிக்க நன்றி. கதவைப் பார்த்தேன், நீங்கள் சொன்ன சாயமற்ற கோடு இரண்டு பலகைகளில் தெளிவாகத் தெரிகிறது. மரத்துண்டு முறையையே செய்கிறேன். இரண்டு ஐயங்கள் மட்டும் மீதம் இருக்கின்றன. மகளின் அறையில் ஏசி உண்டு, அதனால் ஏதும் மாறுமா? மெருகு எண்ணெயா, வார்னிஷா?

கொட்டாப்புளி:

ஏசி அறையின் காற்று உலர்வானது. ஆனால் இரவில் மட்டும் ஓடினால் கனமான பலகை அந்த ஏற்ற இறக்கத்தைப் பெரிதாக உணராது. அறுத்த பலகைகளை ஒட்டுவதற்குமுன் சில வாரங்கள் அந்த அறையிலேயே, இடையிடையே குச்சி வைத்து அடுக்குங்கள். ஈரமானி இல்லையென்றால் ஒரு பலகையை வாரம் ஒருமுறை தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். எடை மாறாமல் நின்றால் மரம் அறையோடு இணங்கிவிட்டது என்று பொருள்.

மெருகு எதுவாயினும் மேலும் கீழும் ஒரே எண்ணிக்கையில் பூசுங்கள். அடிப்பக்கத்தை விட்டுவிட்டால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் வேகமாக ஏறி இறங்கி, பலகை கிண்ணம்போல் வளையும். தண்ணீர்க் குவளையும் பேனா மையும் புழங்கும் மேசை என்பதால், நான் பாலியூரித்தேன் வார்னிஷையே தேர்ந்தெடுப்பேன். ஆளிவிதை எண்ணெய்தான் வேண்டும் என்றால், துடைத்த துணிகளைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் உலரும்போது எழும் வெப்பத்தில் அவை தாமாகவே தீப்பற்றக்கூடும். தண்ணீரில் நனைத்து, வெளியில் விரித்து உலர்த்திய பிறகு எறியுங்கள்.