மெல்லிய முடிக்கு எந்தச் சூட்டுக் கருவி ஏற்றது?

கேள்வி:
என் முடி இயல்பிலேயே மெல்லியது. அலுவலகத்துக்குக் கிளம்பும்முன் டிரையரும் ஸ்ட்ரெயிட்னரும் பயன்படுத்துவதால் நுனிகள் உடைகின்றன. புதிய கருவி வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 1:
வெப்பநிலையை எண்ணில் காட்டி, குறைத்துக்கொள்ளவும் இடம் தரும் ஸ்ட்ரெயிட்னரையே வாங்குங்கள். மெல்லிய முடிக்கு 150 டிகிரி செல்சியஸுக்குள் வைத்து, எங்கும் நிறுத்தாமல் ஒருமுறை இழுத்தால் போதுமானது. 200 டிகிரியைத் தாண்டும் கருவிகள் தடித்த முடிக்கே கடுமையானவை. ஈர முடியில் அதை ஒருபோதும் வைக்காதீர்கள், ஏனெனில் உள்ளிருக்கும் நீர் சட்டென ஆவியாகி முடித்தண்டுக்குள் குமிழிகளை உண்டாக்க, முடி அந்த இடத்திலேயே முறியும்.

பதில் 2:
உடன்படுகிறேன். ஆனால், டிரையரைக் கைவிடத் தேவையில்லை. குளிர்காற்றுப் பொத்தான் உள்ளதை வாங்கி, சுமார் 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, அசைத்துக்கொண்டே உலர்த்துங்கள். 'செராமிக்' என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி (கடைக்காரர்கள் அதைத்தான் முதலில் சொல்வார்கள்) கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. சுருட்டுவதற்கும் சூடு தேவைதானா?

பதில் 3:
தேவையில்லை, தோழி. சற்றே ஈரமுள்ள முடியை நுரை உருளைகளில் தளர்வாகச் சுற்றி இரவு முழுவதும் விட்டால், மெல்லிய முடி எளிதில் வளைந்துகொடுக்கும். இறுக்கிச் சுற்றினால் வேர்க்கால்கள் இழுபட்டு, நெற்றியோரம் முடி உதிரத் தொடங்கலாம்.