ஐரோப்பாவின் மின் தரநிலைகள்: குழுக்கள் பேசி முடிக்கட்டுமா, சட்டம் போட்டு முடிக்கட்டுமா?

செந்தில்_லியோன்

போன வாரத்து இழையில் ஒரு நண்பர், ஐரோப்பிய மின் தரநிலைகளை, அவற்றை எழுதும் செனெலெக் என்ற அமைப்பின் குழுக்கள் பேசியே ஒன்றாக்கிவிட்டன, அரசு விலகி நின்றதுதான் காரணம் என்று எழுதியிருந்தார். நான் பிரான்சில் கார் சார்ஜிங் பாயிண்ட் பொருத்தும் வேலையில் இருக்கிறேன். நான் பார்த்தது நேர் எதிர்.

2010இல் ஐரோப்பிய ஆணையம், மின்கார்களை எந்த நாட்டிலும் சார்ஜ் செய்ய ஒரே இணைப்பு வேண்டும் என்று செனெலெக் உள்ளிட்ட மூன்று தரநிலை அமைப்புகளிடம் கேட்டது. 2011இல் உலக மின் தரநிலை அமைப்பான ஐ.இ.சி.யின் 62196-2 தரநிலை வெளிவந்தபோது அதற்குள் மூன்று வகை இணைப்புகள் இருந்தன. ஐரோப்பாவில் போட்டி இரண்டுக்கு நடுவில்: ஜெர்மானியர் டைப் 2 என்றார்கள், பிரெஞ்சு, இத்தாலியக் கம்பெனிகள் டைப் 3 என்றன. குழுவில் முடிவே வரவில்லை. 2013 ஜனவரியில் ஆணையம் டைப் 2 என்று அறிவித்து, 2014இல் அதைச் சட்டமாக்கிய பிறகுதான் விஷயம் அடங்கியது. அதற்குள் இங்கே தெருவோரங்களில் டைப் 3 சாக்கெட்டுகள் வந்துவிட்டன. அவற்றைக் கழற்றி மாற்றிய வேலையில் நானும் இருந்தேன். அத்தனையும் மக்கள் பணம்.

போன் சார்ஜரும் இதே கதைதான். 2009இல் கம்பெனிகள் தாமாக ஒப்பந்தம் போட்டு மைக்ரோ யு.எஸ்.பி. என்றன. ஆப்பிள் ஒரு அடாப்டரைக் கொடுத்துவிட்டுத் தன் இணைப்பையே வைத்துக்கொண்டது. 2022இல் சட்டம் வந்து, 2024 டிசம்பர் 28 முதல் யு.எஸ்.பி. சி கட்டாயம் என்றான பிறகே எல்லாம் ஒன்றானது. சுவர் பிளக்கையோ 1990களில் ஒன்றாக்க முயன்று செனெலெக் கைவிட்டேவிட்டது.

மக்கள் கையால் எடுத்துச் செருகும் எதையும் குழுக்களின் பொறுப்பில் விடக் கூடாது. ஆணையம் தேதி குறித்து முடிவெடுக்க வேண்டும். இதுதான் என் கட்சி.

ஸ்டுட்கார்ட்_மணி

செந்தில், ஜெர்மன் தேசியத் தரநிலைக் குழுவின் கீழ் ஒரு துணைக்குழுவில் உட்காருபவன் நான். நீங்கள் சொன்ன வரலாற்றை மறுக்கவில்லை. அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவைத்தான் மறுக்கிறேன்.

2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னிணைப்பை எடுத்துப் பாருங்கள். சார்ஜிங் நிலையத்தில் 'ஈ.என். 62196-2 விவரிக்கும் டைப் 2' இருக்க வேண்டும் என்றது. ஈ.என். என்றால் ஐரோப்பியத் தரநிலை. பின்கள் எத்தனை, எவ்வளவு தடிமன், எந்தச் சூட்டைத் தாங்க வேண்டும் என்று ஒரு வரிகூட அதில் கிடையாது. அதெல்லாம் குழு எழுதியது. யு.எஸ்.பி. சி சட்டமும் அப்படியே, ஈ.என். ஐ.இ.சி. 62680-1-3 என்று கைகாட்டிவிட்டு நின்றுகொள்கிறது. எழுதி வைத்த தரநிலை இல்லாமல் ஆணையம் எதைச் சட்டமாக்கியிருக்கும்?

டைப் 3 பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் வீம்புக்கு நிற்கவில்லை. சாக்கெட்டின் துளைகளை மூடும் ஷட்டர் இருக்க வேண்டும் என்பது உங்கள் நாட்டு வயரிங் விதி. குழந்தை விரலை விட்டுவிடக் கூடாது என்பதற்காக. டைப் 2இல் தொடக்கத்தில் ஷட்டர் கிடையாது. பிறகு ஷட்டரோடு கூடிய டைப் 2 வந்தது. சட்டமும் ஷட்டர் வைத்துக்கொள்ளலாம் என்று இடம் கொடுத்தது. அந்த வழி தெரிந்ததால்தான் பிரான்ஸ் இறங்கி வர முடிந்தது.

வேலை நடக்கும் விதம் வெளியே அதிகம் தெரிவதில்லை என்பதால் சொல்கிறேன். பெரும்பாலான வரைவுகள் பிரஸ்ஸல்ஸில் பிறப்பதில்லை. ஜெனீவாவின் ஐ.இ.சி.யில் பிறக்கின்றன. 1996இல் டிரெஸ்டனில் போட்டு 2016இல் பிராங்பர்ட்டில் புதுப்பித்த ஒப்பந்தப்படி, ஒரே வரைவுக்கு இரண்டு இடத்திலும் ஒரே சமயத்தில் ஓட்டெடுப்பு. அங்கே உலகம் ஓட்டுப் போடும்போதே இங்கே செனெலெக்கின் 34 நாட்டு உறுப்பினர்களும் போடுகிறார்கள், இங்கே மட்டும் நாட்டின் அளவுக்கேற்ற எடையோடு. தேறிவிட்டால் எதிர்த்து ஓட்டுப் போட்ட நாடும் அதைத் தன் தேசியத் தரநிலையாக ஏற்றே ஆக வேண்டும். முரண்படும் பழைய தேசியத் தரநிலையைக் குறித்த தேதிக்குள் விலக்க வேண்டும். வரைவு ஓடும்போதே அதே பொருளில் தனியாக ஒன்றை எழுதத் தொடங்கவும் தடை. தோற்றவனும் கட்டுப்படுகிறான், இதற்குமேல் என்ன ஒழுங்கு வேண்டும்? ஈ.என். 60335 வரிசையில் வரும் அயர்ன் பாக்ஸும் மிக்ஸியும் லிஸ்பனிலிருந்து ஹெல்சிங்கி வரை ஒரே சோதனையில் தேறுவது இப்படித்தான். சண்டை இல்லாததால் அது யார் கண்ணிலும் படுவதில்லை.

வவுனியா_மின்னியன்

நான் லண்டனில வீட்டு வயரிங் வேலை செய்யிறன். சுவர் பிளக்கைச் சட்டம் போட்டு மாத்தலாம் எண்டு செந்தில் தம்பி சொல்லுறார். சுவருக்கு உள்ள என்ன கிடக்கு எண்டு பாத்தால் அப்பிடிச் சொல்லமாட்டார்.

இங்க 1947இல வந்த பி.எஸ். 1363 எண்ட பிரித்தானியத் தரநிலைப் பிளக்குக்கு உள்ளேயே பியூஸ் இருக்கு. ஏனெண்டால் எங்கட வயரிங் வளையம். போர்டில இருந்து ஒரு கேபிள் புறப்பட்டு எல்லாச் சொக்கெட்டையும் தொட்டுத் திரும்ப போர்டுக்கே வரும், அதுக்கு 32 ஆம்பியர் பிரேக்கர். மேசை விளக்கின்ர மெல்லிய வயர் உருகினாலும் 32 ஆம்பியர் பிரேக்கர் விழாது. பிளக்கில இருக்கிற 3 ஆம்பியர் பியூஸ்தான் அந்த வயரைக் காப்பாத்தும். ஜேர்மன்காரற்ர சூக்கோ பிளக்கில பியூஸ் இல்லை, அங்க சொக்கெட் லைனுக்கு வழமையா 16 ஆம்பியர் பிரேக்கர்தான். பியூஸ் இல்லாத பிளக்கைக் கொண்டுவந்து என்ர வளையத்தில கொழுவினால் வீடு எரியும். அப்ப பிளக்கை மாத்திறது எண்டால் வீட்டு வயரிங்கையும் மாத்திறது எண்டு அர்த்தம்.

இலங்கையில வட்டக்காலும் சதுரக்காலும் கலந்து கிடந்ததுக்கு அரசு 13 ஆம்பியர் சதுரக்கால் ஒண்டுதான் இனித் தரம் எண்டு அறிவிச்சது. அறிவிக்கிறது லேசு. பழைய வீடுகளில வட்டக்கால் இப்பவும் கிடக்கு.

வோல்டேஜையும் சொல்லுறன். 1995 ஜனவரி 1இல இருந்து பிரித்தானியாவில 240 இல்லை, 230 எண்டு ஆக்கினவை. ட்ரான்ஸ்போமரில ஆரும் கை வைக்கேல்லை. மேல 10%, கீழ 6% எண்டு எல்லை போட்டவை, அப்ப 216இல இருந்து 253 வரை எல்லாம் சரி. மீட்டரை வைச்சால் இண்டைக்கும் 240க்குக் கிட்டத்தான் காட்டுது.

செந்தில்_லியோன்

வவுனியா அண்ணா, வோல்டேஜ் கதையை நீங்களே சொன்னதற்கு நன்றி. என் கட்சிக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். கண்டத்து 220காரனும் மாறவில்லை, பிரித்தானிய 240காரனும் மாறவில்லை, நடுவில் ஒரு எண்ணை எழுதி ஒன்றாகிவிட்டோம் என்றார்கள். இதைக் காகித ஒற்றுமை என்றுதான் சொல்ல முடியும்.

ஸ்டுட்கார்ட்_மணி

காகிதம் என்று தள்ளாதீர்கள். மாறியது சாதனம். முன்பு 220க்கு ஒரு பல்பு, 240க்கு ஒரு பல்பு. 240இன் பல்பை இங்கே போட்டால் மங்கும், இங்கத்தையதை அங்கே போட்டால் சீக்கிரம் கருகும். எல்லையை அகலமாக வைத்து ஒன்றாக்கியதும், அந்த அகலம் முழுவதையும் தாங்கும் பொறுப்பு தயாரிப்பாளர் தலையில் விழுந்தது. ஒரு கண்டத்தின் ட்ரான்ஸ்பார்மர்களை மாற்றுவதைவிட, பத்துப் பதினைந்து வருடத்தில் தானாகவே புதுப்பிக்கப்படும் சாதனங்களை மாற்றுவது புத்திசாலித்தனம் இல்லையா?

சுவர் பிளக்கில் சட்டம் துணிந்ததா என்றும் பாருங்கள். 1973இலிருந்தே குறைந்த மின்னழுத்தச் சட்டம் இருக்கிறது. இன்றைய வடிவம் 2014/35. அது எதற்கெல்லாம் பொருந்தாது என்ற பட்டியலில் வீட்டு பிளக்கும் சாக்கெட்டும் இருக்கின்றன! ஆணையத்துக்கு ஆலோசனை சொல்லும் மன்றம் 2017இல் இதை மறுபடி எடுத்துப் பார்த்தது: மாற்ற 100 பில்லியன் யூரோ, 7 லட்சம் டன் மின்கழிவு, இடைக்காலமே 75 ஆண்டுக்கு மேல். ஐ.இ.சி. 1986இலேயே உலகத்துக்கு ஒரு பிளக் வரைந்து கொடுத்துவிட்டது. பிரேசில் அதையொட்டிப் போனது, ஐரோப்பா போகவில்லை. தடை வரைபடத்தில் இல்லை, கட்டி முடித்த வீடுகளில் இருக்கிறது.

முடிந்த இடத்தில் குழுக்கள் முடித்தே இருக்கின்றன. உங்கள் ஷேவருடன் வரும் தட்டையான இரண்டு பின் பிளக், ஈ.என். 50075. அதன் இரண்டு பின்களும் நுனியில் லேசாக உள்நோக்கிச் சாய்ந்திருக்கும், வளைந்தும் கொடுக்கும். இத்தாலி, பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து என்று துளை இடைவெளி கொஞ்சம் வேறுபட்டாலும் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே அப்படி. எந்தச் சுவரையும் இடிக்காமல் கண்டத்தை இணைத்த வேலை அது. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மரியாதை வருகிறது.

அம்பத்தூர்_பேனல்

நான் சென்னையிலிருந்து எழுதுகிறேன். சின்ன யூனிட். பவர் அடாப்டர் செய்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறோம். நீங்கள் மூவரும் உள்ளே இருந்து பேசுகிறீர்கள். வெளியில் நிற்பவனுக்கு வலிக்கும் இடம் வேறு.

ஈ.என். 60950-1 என்று ஒன்று இருந்தது. எங்கள் சோதனை எல்லாம் அதன்படி. 2020 டிசம்பர் 20உடன் அது முடிந்தது, இனி ஈ.என். 62368-1 என்றார்கள். ஆடியோ, வீடியோ சாதனத்துக்கும் கம்ப்யூட்டர் சாதனத்துக்கும் தனித்தனியாக இருந்ததை ஒன்றாக்கி, ஆபத்து எங்கிருந்து வருகிறது, நடுவில் எது தடுக்கிறது என்று யோசிக்கச் சொல்லும் முறை. நல்ல மாற்றம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் அதைப் படிக்கவே பணம் கட்ட வேண்டும். அது கைகாட்டும் வேறு தரநிலைகளுக்கும் கட்ட வேண்டும். திருத்தம் வந்தால் மறுபடியும். தரநிலை கட்டாயமில்லை, விரும்பினால் பின்பற்றலாம் என்பார்கள். அதைப் பின்பற்றினால்தான் சட்டத்துக்கு உட்பட்டவன் என்று எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் நானே ஒவ்வொன்றாக நிரூபிக்க வேண்டும். எந்தச் சின்னக் கம்பெனியால் முடியும்?

நான் மட்டும் சொல்லவில்லை. அயர்லாந்தில் கட்டடத்துக்குப் போட்ட ஜல்லி சம்பந்தமான ஜேம்ஸ் எலியட் வழக்கில், 2016இல் ஐரோப்பிய நீதிமன்றமே இப்படிப்பட்ட தரநிலைகள் ஐரோப்பியச் சட்டத்தின் பகுதி என்றது. 2024 மார்ச் 5 அன்று, பொம்மைப் பாதுகாப்பு பற்றியவை உட்பட நான்கு தரநிலைகளைக் கேட்டுப் போட்ட வழக்கில், அவற்றை மக்களுக்குக் காட்டுவதில் மேலான பொதுநலன் இருக்கிறது என்று தீர்ப்பளித்தது. சட்டம் என்றால் படிக்கத் தர வேண்டாமா? இங்கே இந்தியத் தரநிலைகளை அரசின் தர அமைப்பான பி.ஐ.எஸ். தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்கிறோம்.

ஸ்டுட்கார்ட்_மணி

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் குழுவில் உட்காரும் நிபுணர்களுக்குத் தரநிலை அமைப்பு சம்பளம் தருவதில்லை, அவரவர் கம்பெனி தருகிறது. வரைவைத் தொகுப்பது, ஓட்டெடுப்பை நடத்துவது, மொழிபெயர்ப்பது, இதற்கான செலவில் நல்ல பகுதி விற்பனையிலிருந்து வருகிறது. பி.ஐ.எஸ். சான்றிதழ்க் கட்டணத்தில் சம்பாதிக்கிறது, அதனால் கொடுக்க முடிகிறது. விற்பனையை நிறுத்தினால் அந்த இடத்தை யார் நிரப்புவார்கள்? பெரிய கம்பெனிகள். அப்புறம் தரநிலை அவர்கள் சொன்னபடி இருக்கும்.

அம்பத்தூர்_பேனல்

இப்போது யார் சொன்னபடி இருக்கிறது மணி சார்? சம்பளம் கொடுத்து ஆள் அனுப்ப வசதி உள்ளவன்தானே குழுவில் உட்காருகிறான். அதை நீங்களே எழுதிவிட்டீர்கள். நுகர்வோர், தொழிலாளர், சிறுதொழில், சுற்றுச்சூழல் தரப்புக்கும் இடம் வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012ஆம் ஆண்டு 1025ஆம் விதிமுறை சொல்கிறது. அவர்கள் வரலாம், பேசலாம். ஓட்டு இல்லை. ஓட்டு தேசிய அமைப்பிடம் மட்டும்.

வவுனியா_மின்னியன்

அம்பத்தூர் தம்பி சொல்லுறது எனக்கும் பொருந்தும். எங்கட வயரிங் விதி பி.எஸ். 7671ஐயும் காசு குடுத்துத்தான் வாங்கவேணும். புதுப் பதிப்பு வந்தால் திரும்ப. ஆனால் ஒண்டு செய்யலாம். வரைவு கருத்துக் கேட்க வெளியில வரேக்க பி.எஸ்.ஐ. எண்ட எங்கட தரநிலை அமைப்பின்ர தளத்தில காசில்லாமல் வாசிக்கலாம், பிழை கண்டால் அந்த வரிக்குக் கீழயே எழுதலாம். நான் எழுதியிருக்கிறன்.

ஸ்டுட்கார்ட்_மணி

ஆம், ஜெர்மனியிலும் வரைவை இலவசமாகப் படித்துக் கருத்திட முடியும். ஐ.இ.சி.யும் ஓட்டுக்கு விடும் வரைவைப் பொதுப் பார்வைக்கு வைக்கிறது. அம்பத்தூர் நண்பரே, இந்தியா ஐ.இ.சி.யில் உறுப்பினர். ஐரோப்பாவில் நாளை வரப்போவது இன்று ஐ.இ.சி. வரைவாக இருக்கும்போதே பி.ஐ.எஸ்.ஸின் மின்தொழில்நுட்பக் குழு வழியாக நீங்கள் பேசலாம். எந்தச் சோதனை சின்ன யூனிட்டுக்குத் தேவையில்லாத சுமை என்பதற்குக் காரணமும் அளவீடும் கொடுத்தால் குழு பதில் எழுதியே ஆக வேண்டும். ஒவ்வொரு கருத்துக்கும் எதிரே முடிவு பதிவாகும்.

அம்பத்தூர்_பேனல்

எழுதுகிறேன், வழி சொன்னதற்கு நன்றி. ஆனால் வரைவை இலவசமாகக் காட்டியும் உங்கள் அமைப்பு நொடிந்துவிடவில்லை. சட்டம் கைகாட்டும் தரநிலைகளை மட்டுமாவது முடிந்த பிறகும் படிக்க விடுங்கள். மற்றதை விற்றுக்கொள்ளுங்கள்.

செந்தில்_லியோன்

நான் என் கட்சியை விடவில்லை, கொஞ்சம் குறுக்கிக்கொள்கிறேன். சுவர் பிளக்கை விட்டுவிடலாம், அண்ணா சொன்ன வளைய வயரிங் நியாயமான தடை. ஆனால் மின்கார் சாக்கெட் 2010இல் எந்தச் சுவரிலும் இல்லை. அப்படிப் புதிதாக வரும் எதற்கும் ஆணையம் கேட்கும்போதே கடைசித் தேதி வைக்க வேண்டும். அதற்குள் குழு ஒன்றைத் தேர்ந்து தராவிட்டால், இருக்கும் வரைவுகளில் ஒன்றை ஆணையமே எடுத்துக்கொள்ளும் என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். மணி, உங்கள் துணைக்குழு இதற்குச் சம்மதிக்குமா?

ஸ்டுட்கார்ட்_மணி

தேதிக்குச் சம்மதிப்பார்கள். ஆணையமே தேர்ந்தெடுக்கும் என்பதற்கு நான் எதிர்த்தே பேசுவேன். ஷட்டர் விஷயம் மூன்றாவது வருடத்தில்தான் தீர்ந்தது. இரண்டாவது வருடத்திலேயே கதவை மூடியிருந்தால் பிரான்சில் அந்த சாக்கெட்டை வீட்டில் பொருத்த உங்கள் விதியே இடம் கொடுத்திருக்காது.

செந்தில்_லியோன்

மூன்றாவது வருடத்தில் அது தீர்ந்ததே, ஆணையம் முடிவெடுக்கப் போகிறது என்று தெரிந்ததால்தான்.