புதுப்பிப்பு: பழைய மடிக்கணினியில் புதிய திரை மாட்டியாகிவிட்டது

என் 14 அங்குலப் பழைய மடிக்கணினியின் மங்கலான 1366×768 திரையை மாற்றலாமா, கணினியையே மாற்றிவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். திரையை மட்டும் மாற்றினேன். இப்போது 1920×1080 (முழு எச்டி) ஐபிஎஸ் திரை, அதாவது பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை. ஏறத்தாழ இரண்டு மடங்கு புள்ளிகள்.

வாங்கும் முன் பழைய திரையைக் கழற்றி, முதுகில் ஒட்டியிருந்த மாதிரி எண்ணைப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. திரைக் கேபிளைச் செருகும் இணைப்பி 30 ஊசி இடிபி (eDP எனும் திரை இணைப்பு முறை) வகை. 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 முறை புதுப்பித்து) முழு எச்டி காட்ட அதுவே போதும் என்பதால் பழைய கேபிளே பொருந்தியது. 40 ஊசித் திரையை வாங்கியிருந்தால் செருகவே முடியாது. உங்கள் கணினி இடிபிக்கும் முந்தைய எல்விடிஎஸ் (LVDS) இணைப்பு வகை என்றால் கதையே வேறு: பெரும்பாலும் கேபிளையும் மாற்ற வேண்டும், சில கணினிகளில் அதுவும் போதாது. திரையின் ஓரத்தில் திருகு மாட்டும் காதுகள் இருக்கும் இடத்தையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பேட்டரியைக் கழற்றாமல் கேபிளைத் தொடாதீர்கள். மின்சாரம் இருக்கும்போது இணைப்பி சற்றுக் கோணினாலும் தாய்ப்பலகையில் கடுகளவு இருக்கும், திரையின் பின்னொளிக்கான ஃபியூஸ் போய்விடலாம். திரை இருண்டிருப்பதைப் பார்த்து, திரை பழுது என்று நினைத்துத் திரையையே திருப்பி அனுப்புவோம்.

பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் வெளுப்பதில்லை. எழுத்துகள் மட்டும் சிறுத்துவிட்டன. கணினி அமைப்பில் காட்சி அளவை 125 சதவீதமாக்கியதும் சரியாயிற்று. கருப்புப் பின்னணியில் கீழ் இடது மூலையில் லேசாக ஒளி கசிகிறது. எழுத்து வேலைக்கு அது பொருட்டே அல்ல. இருட்டில் படம் பார்ப்பவர்களுக்கு உறுத்தலாம்.