எஸ்பிஎம் கணக்கில் டி வாங்கிய மகள் மிஸ்ஸி (தாதி) படிக்க என்ன வழி?

பிறை அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கில் ஒரு மருத்துவமனையில் 11 வருஷமாகத் துப்புரவு வேலை செய்கிறேன். பட்டவெர்த்தில் பெர்ரி ஏறி தீவுக்குப் போய் வருகிறேன். கணவர் பிறையில் ஒரு பேக்டரியில் ஷிப்ட் வேலை.

மூத்தவளுக்கு மிஸ்ஸி ஆகவேண்டும். நான் ஊட்டின ஆசை இல்லை. என் மாமியாருக்குக் காலில் சர்க்கரைப் புண் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விடுவதால், ஐந்தாம் பாரத்தில் இருந்த இவள்தான் ஒன்று விட்டு ஒரு நாள் பாட்டியைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே மிஸ்ஸி கட்டுப்போடுவதைப் பக்கத்திலேயே நின்று பார்த்துப் பார்த்து, கடைசியில் மிஸ்ஸியே அவளிடம் கையுறை கொடுத்து வீட்டில் எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாராம். புண் ஆறிவிட்டது. பாட்டி இப்போது நடக்கிறார்.

எஸ்பிஎம் (ஐந்தாம் பாரத்தில் எழுதும் பள்ளி இறுதித் தேர்வு) முடிவு: தமிழ் ஏ-, நன்னெறி பி+, மலாய் பி, வரலாறு சி+, அறிவியல் சி, கணக்கு டி, ஆங்கிலம் இ. மூன்று கல்லூரிகளுக்குப் போன் செய்தேன். மூன்றிலும் கணக்கில் கிரெடிட் (சி அல்லது அதற்கு மேல்) வேண்டும், அதற்கப்புறம்தான் எழுத்துத் தேர்வு, நேர்முகம் என்றார்கள். இதற்குள் ஒரு ஏஜெண்ட் வீட்டுக்கே வந்துவிட்டார். கணக்கு தேவையில்லை, ஒரு வருஷ சர்டிபிகேட், 800 வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் இடம் உறுதி, அதுவும் மிஸ்ஸி படிப்புதான் என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

இவள் ஒரு வருஷம் வீணாகிவிடுமே என்று அழுகிறாள். கட்டலாமா? கணக்கைத் திரும்ப எழுதுவதா? கல்லூரிகள் வைக்கிற தேர்வில் என்ன கேட்பார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வார்டு அக்கா:

பணம் கட்டாதீர்கள் அம்மா. மற்றதை நிதானமாகப் பேசலாம், முதலில் வெள்ளிக்கிழமையைத் தாண்டுங்கள்.

நான் 22 வருஷமாக மிஸ்ஸி. இப்போது கோலாலம்பூரில் மெடிக்கல் வார்டில் இருக்கிறேன். நம் நாட்டில் யார் மிஸ்ஸி என்பதை 1950-ஆம் ஆண்டு ஜூருராவாட் (தாதியர்) சட்டம் சொல்கிறது. லெம்பாகா ஜூருராவாட் மலேசியா (தாதியர் வாரியம்) ஏற்றுக்கொண்ட பயிற்சியை முடித்து, அந்த லெம்பாகா வைக்கிற தேர்வில் தேறி, பெயரைப் பதிந்தால்தான் மிஸ்ஸி. டிப்ளோமா என்றால் 3 வருஷம். அதற்குப் பிறகும் வேலை செய்வதற்கான சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஏஜெண்ட் சொல்லும் ஒரு வருஷ சர்டிபிகேட் அநேகமாகப் பராமரிப்பு உதவியாளர் படிப்பாக இருக்கும். அது நல்ல வேலைதான், என் வார்டில் அவர்கள் இல்லாமல் ஒரு ஷிப்ட் ஓடாது. ஆனால் அதைப் படித்துவிட்டு மிஸ்ஸியாகப் பதிய முடியாது. என் சித்தி மகள் இதே மாதிரி ஒரு இடத்தில் சேர்ந்தாள். முடித்துவிட்டு டிப்ளோமாவுக்குப் போனபோது முதல் நாளிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது. கட்டின பணம் போனது போனதுதான்.

உங்கள் மகள் வாங்கியதைப் பாருங்கள். டிப்ளோமாவுக்குச் சில பாடங்களில் கிரெடிட் கேட்பார்கள், எத்தனை என்று கல்லூரியிலேயே கேளுங்கள். அதில் மலாய், கணக்கு, ஓர் அறிவியல் பாடம் கட்டாயம் இருக்க வேண்டும். ஆங்கிலம் தேறியிருந்தால் போதும். அவளிடம் ஐந்து கிரெடிட் இருக்கிறது. ஆங்கிலம் இ என்றாலும் தேர்ச்சிதான். குறைவது கணக்கு ஒன்று, அதிலும் டியிலிருந்து சி-க்கு ஒரே படி. எஸ்பிஎம் ஊலாங்கான் என்று மறுதேர்வு இருக்கிறது, ஆண்டின் நடுவில் வரும். மலாய், வரலாறு, கணக்கு ஆகியவற்றை அதில் எழுதலாம். பதிவுத் தேதியைப் பழைய பள்ளியிலோ மாநிலக் கல்வி இலாகாவிலோ நாளைக்கே கேளுங்கள். அந்தத் தேதி போய்விட்டால்தான் உண்மையிலேயே வருஷம் வீணாகும்.

கணக்கை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவள் கேட்பாள். நான் அவள் வயதில் கேட்டேன். டாக்டர் 500 மில்லி டிரிப் எழுதுகிறார், 4 மணி நேரத்தில் இறங்க வேண்டும். டியூப் உறையில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று போட்டிருக்கும். 500-ஐ 20-ஆல் பெருக்கினால் 10,000 சொட்டு. 4 மணி நேரம் 240 நிமிஷம். வகுத்தால் நிமிஷத்துக்கு 42 சொட்டு. அப்புறம் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, 15 வினாடியில் பத்து பதினொன்று விழுகிற மாதிரி அந்தச் சின்னச் சக்கரத்தை உருட்டி வைக்க வேண்டும். இப்போது சொட்டை அளந்து விட பம்ப் வந்துவிட்டது, ஆனாலும் எல்லாக் கட்டிலுக்கும் பம்ப் கிடைக்காது. இதயம் பலவீனமான ஒருவருக்கு அந்த 500 மில்லி ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட்டால் தண்ணீர் நுரையீரலில் கட்டிக்கொள்ளும், மூச்சுவிட முடியாமல் எழுந்து உட்கார்ந்துவிடுவார். நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

கல்லூரித் தேர்விலும் பெரும்பாலும் இந்த மாதிரிக் கணக்குதான்: பின்னம், சதவீதம், விகிதம், கிராமை மில்லிகிராமாக மாற்றுவது. அவளுக்கு ஒன்று தருகிறேன், போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குழந்தை 12 கிலோ. பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம். பாட்டிலில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறது. எத்தனை மில்லி ஊற்றுவாள்? கால்குலேட்டரைத் தொடக் கூடாது.

இரண்டாம் ஆண்டு மாணவி:

அம்மா, நான் போன வருஷம் சேர்ந்தவள், தனியார் கல்லூரி. அக்கா கணக்கைச் சொல்லிவிட்டார், நான் மற்றதைச் சொல்கிறேன்.

எழுத்துத் தேர்வில் ஆங்கிலப் பத்தி ஒன்று கொடுத்து ஐந்தாறு கேள்வி கேட்டார்கள். ஏன் இந்த வேலைக்கு வர விரும்புகிறாய் என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். கொஞ்சம் அடிப்படை அறிவியலும் வந்தது: ரத்த ஓட்டம், சீரணம் மாதிரி, மூன்றாம் பாரம் வரைக்கும் உள்ள புத்தகங்களே போதும். கல்லூரிக்குக் கல்லூரி மாறும், எழுத்துத் தேர்வே வைக்காத இடமும் உண்டு. ஆனால் பாடமெல்லாம் ஆங்கிலத்தில் நடப்பதால் உங்கள் மகள் ஆங்கிலத்துக்கு இப்போதே உட்கார வேண்டும். தினமும் ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கட்டும்.

நேர்முகத்தில் நான் முதல் தடவை தோற்றேன். "மக்களுக்குச் சேவை செய்ய ஆசை" என்று ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். எதிரே இருந்த மேட்ரன் (தலைமை மிஸ்ஸி) பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதுவரை யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்றார். வாயில் வார்த்தை வரவில்லை. அடுத்த கல்லூரிக்குப் போகும் முன் எங்கள் ஊர் முதியோர் இல்லத்தில் இரண்டு மாதம் சனிக்கிழமைகளில் சாப்பாடு ஊட்டப் போனேன். அதைத்தான் அங்கே சொன்னேன், இடம் கிடைத்தது.

உங்கள் மகள் எங்கேயும் போகத் தேவையில்லை. பாட்டி கால் இருக்கிறதே! புண்ணை எதால் கழுவினாள், நாற்றம் வந்தபோது என்ன செய்தாள், விரல் இடுக்கை ஏன் தினமும் பார்க்கவேண்டும், பாட்டி வலியில் திட்டினபோது எப்படிப் பேசினாள் என்று அவளையே எழுதச் சொல்லுங்கள். அதை மலாயிலும் ஆங்கிலத்திலும் உங்கள் முன்னால் நின்று சொல்லிப் பழகட்டும். அந்த மேட்ரன் கேட்டதற்கு அவளிடம் பதில் இருக்கிறது.

புக்கிட் மெர்தாஜாம் மாமா:

தங்கச்சி, என் இரண்டு பிள்ளைகளும் இந்த வழியில் வந்தவர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். எந்தக் கல்லூரியானாலும் அந்தப் படிப்புக்கு லெம்பாகா ஜூருராவாட்டின் அங்கீகாரமும் எம்கியூஏ (மலேசியக் கல்வித் தகுதி முகமை) அங்கீகாரமும் இருக்கிறதா என்று இணையத்தில் நீங்களே பாருங்கள். பிடிபிடிஎன் (அரசாங்க உயர்கல்வி நிதி) கடன் வாங்குவதானால் எஸ்எஸ்பிஎன் என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு திறக்க வேண்டியிருக்கும். அரசாங்கப் பயிற்சிக் கல்லூரிக்கு ஆள் எடுக்கும் விளம்பரம் வந்தால் அதற்கும் கட்டாயம் போடுங்கள்.

சில மருத்துவமனைகள் கட்டணத்தைத் தாங்களே கட்டி, படிப்பு முடிந்ததும் இத்தனை வருஷம் இங்கேதான் வேலை என்று பாண்டு எழுதி வாங்கும். அது கெட்டதில்லை, வேலை கையில் இருக்கிறது. ஆனால் பாதியில் விட்டால் எவ்வளவு கட்டவேண்டும், தேர்வில் தவறினால் என்ன ஆகும், ஹாஸ்டல் செலவு யாருடையது, இந்த மூன்றையும் படித்துப் புரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள். நான் என் மூத்தவளுக்கு அவசரத்தில் போட்டுவிட்டு மூன்று வருஷம் பயந்துகொண்டிருந்தேன்.

பிறை அம்மா:

மூன்று பேருக்கும் கோடி நன்றி. ஏஜெண்டுக்கு நேற்றே வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். கணவர்தான் பேசினார். பள்ளியில் கேட்டோம், மறுதேர்வுப் பதிவு இன்னும் முடியவில்லை, திங்கட்கிழமை ஐசியும் (அடையாள அட்டை) எஸ்பிஎம் முடிவுத்தாளும் கொண்டு வரச் சொன்னார்கள்.

அக்கா, இன்று வார்டில் தரை துடைக்கும்போது ஒரு டிரிப் பக்கத்தில் நின்றேன். 11 வருஷமாக அந்தக் கம்பங்களை நகர்த்தி நகர்த்தித் துடைக்கிறேன், ஒரு நாள்கூட அந்தச் சொட்டைப் பார்த்ததில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன், 15 வினாடிக்கு ஏழு விழுந்தது. வீட்டில் வந்து சொன்னதும் மகள் நிமிஷத்துக்கு 28 என்றாள், அப்படியானால் 500 மில்லி இறங்க ஆறு மணி நேரம் ஆகும் என்று அவளே போட்டுக் காட்டினாள்.

நீங்கள் கொடுத்த கணக்குக்கு முதலில் 180 என்று எழுதினாள். அது மில்லிகிராம், மில்லி இல்லை என்று அப்புறம் அவளுக்கே தெரிந்தது. 7.5 மில்லி. சரியா அக்கா?

வார்டு அக்கா:

சரி. 180-இல் நிற்காமல் திரும்பிப் பார்த்தாள் பாருங்கள், எனக்கு அதுதான் பிடித்தது. அடுத்தது: 1 லிட்டர், 12 மணி நேரம், இந்த டியூபில் மில்லிக்கு 15 சொட்டு. விடையை அவளே இங்கே வந்து எழுதட்டும்.