மறு: போவைன் ஆர்ச் – மாடு எதற்கு?

> கழுத்துத் தமனி அடைப்புக்கான அறுவையின் ஒப்புதல் படிவம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். ‘போவைன் ஆர்ச்’ என்பதற்கு ‘ஆவின வளைவு’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா? ‘கரோட்டிட் எண்டார்டெரக்டமி’, ‘ஹை பைஃபர்கேஷன்’ இரண்டுக்கும்கூடச் சொல் தேவை.

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம்.

‘ஆவின வளைவு’ என்றதும் எனக்குப் பால் பூத்துதான் ஞாபகம் வந்தது. அதை விடுங்கள். சொல்லில் வேறு சிக்கல் இருக்கிறது. அது ஆங்கிலத்தின் பிழையைத் தமிழுக்கு இறக்குமதி செய்கிறது.

நம்மில் பெரும்பாலோருக்கு, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலிருந்து மூன்று கிளைகள் தனித்தனியாகப் புறப்படும். சிலருக்கு மட்டும் இடது கழுத்துத் தமனி தனியே முளைக்காமல் முதல் கிளையோடு சேர்ந்துகொள்ளும். பத்துப் பேரில் ஒருவர் இருவருக்கு இப்படி இருக்கும். மாட்டுக்கு இருப்பதுபோல இருக்கிறது என்று யாரோ பெயர் வைத்துவிட்டார்கள். மாட்டுக்கோ வளைவிலிருந்து ஒரே ஒரு அடிமரம்தான். இரண்டு முன்னங்கால்களுக்கும் தலைக்கும் போகிற எல்லாம் அதிலிருந்துதான் பிரியும். 2006ல் அமெரிக்க நரம்புக் கதிரியல் இதழில் இதைப் படம் போட்டே விளக்கினார்கள். பெயர் அப்படியேதான் நிற்கிறது. ஆங்கிலத்துக்கு அது பழகிப்போன பிழை. நமக்கு இன்னும் பழகவில்லையே, நாம் ஏன் சுமக்க வேண்டும்? ‘ஒருகணு வளைவு’ என்று பாருங்கள். ஒரே கணுவில் இரண்டு கிளை என்றால் செடி வளர்த்தவர் எவருக்கும் விளங்கும்.

எண்டார்டெரக்டமிக்கு ‘உட்சுரண்டல்’ என்று இந்தக் குழுவில் முன்பு ஒருவர் சொன்னார். அறுவையின் காணொளி ஒன்றைப் பார்த்தேன். அங்கே யாரும் சுரண்டவில்லை. தமனியை நீளவாக்கில் திறந்து, மழுங்கிய கரண்டி போன்ற கருவியை மஞ்சள் படிவுக்கும் சுவருக்கும் நடுவே விட்டு மெல்ல நெம்புகிறார்கள். முருங்கைக் குச்சியில் பட்டை கழன்று வருவதுபோல உட்படலத்தோடு ஒரே துண்டாக வந்துவிடுகிறது. வெளியே எடுத்து வைத்த துண்டும் தமனி மாதிரியே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஆகவே ‘உள்ளுரிப்பு’, முழுசாகச் சொன்னால் ‘கழுத்துத் தமனி உள்ளுரிப்பு’.

அந்தப் பிரிவுக்குத்தான் ஆளாளுக்கு ‘இருகூறாதல்’, ‘இரட்டைக் கிளைப்பு’ என்று எழுதுகிறார்கள். நம்மிடம் ‘கவை’ இருக்கிறதே! வேலிக்கு முள் அடைப்பவர் கையில் இருப்பது கவைக்கோல். ‘கவட்டை’யும் அதன் உறவுதான், ஆனால் படிவத்தில் அது வேண்டாம். அடைப்பை விரித்துப் பிடிக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் வைப்பவர்கள் கம்பியைத் தொடை இடுக்கு வழியாகத்தான் விடுவார்கள். ‘கவட்டையில் அடைப்பு’ என்று படித்த நோயாளி கழுத்தையா தடவிப் பார்ப்பார்?

சாதாரணமாகக் கவை, குரல்வளைக் குருத்தெலும்பின் மேல்விளிம்பு மட்டத்தில் இருக்கும். சிலருக்கு அது தாடைக் கோணத்துக்குப் பின்னால் ஏறி ஒளிந்துகொள்கிறது. அதுதான் நீங்கள் கேட்ட ‘ஹை பைஃபர்கேஷன்’: ‘மேற்கவை’. ‘உயர்கவை’ என்றால் உயர்தரம் போல ஒலிக்கிறது.

தமனி நேராகப் போகாததைச் சொல்லும் ‘டார்ச்சுவாசிட்டி, கிங்க், காயில்’ என்ற மூன்றும் படிவத்தில் வரும் என்று நினைக்கிறேன். ‘நெளிவு, மடிவு, சுருள்’ போதும். தோட்டத்து டியூப் மடிந்து தண்ணீர் நின்றதைப் பார்க்காதவர் உண்டா?

கடைசியாக, படிவத்தின் தலைப்பு. ‘அசாதாரண இரத்தநாள உடற்கூறியல்’ என்பதை என் பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “அப்போ பொறவிக் கோளாறாய்யா?” என்று கேட்டார். கோளாறு இல்லை, தலையில் இரட்டைச் சுழி இருப்பதுபோல ஓர் அமைப்பு. ‘இரத்தக்குழாய் அமைப்பு வேறுபாடு’ என்று போட்டால் பயம் வராது.

---

> கழுத்துத் தமனி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பாடநூல்களில் ஆர்ட்டரி ‘நாடி’, வெயின் ‘நாளம்’. தமனி, சிரை எண்டால் இங்கத்தைய ஆக்களுக்கு விளங்காது. ‘கழுத்து நாடி’ எண்டு போட்டால் என்ன? மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்த கிறீன் வைத்தியர் காலத்திலிருந்து சொற்கள் வந்துகொண்டுதான் இருக்கு. கெமிஸ்ட்ரிக்கு அவர் வைச்ச ‘கெமிஸ்தம்’ போய்விட்டது. நல்ல சொற்கள் தங்கிவிட்டன. ‘கவை’ தங்கும் எண்டு நினைக்கிறன்.

---

நண்பருக்கு: ‘நாடி’ நல்ல சொல்தான். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் நாடி என்றால் முகவாய்க்கட்டை. தாடைக்குக் கீழே கத்தி வைக்கிற அறுவையில் ‘நாடியைத் திறப்போம்’ என்றால் ஆள் வீட்டுக்கே ஓடிவிடுவார். உங்கள் பதிப்பில் ‘கழுத்து நாடி’, எங்கள் பதிப்பில் ‘கழுத்துத் தமனி’ என்று இருக்கட்டும். கவை இரண்டுக்கும் பொது.

---

எல்லோருக்கும் நன்றி. ‘உள்ளுரிப்பு’, ‘மேற்கவை’ இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். ‘கவைக்குதவாத பேச்சு’ என்று இனி எங்கள் ஆப்பரேஷன் தியேட்டரில் யாரையும் திட்ட முடியாது.

ஒருகணுவில் மட்டும் ஒரு திருத்தம். எல்லோருக்கும் ஒரே கணுவில் முளைப்பதில்லை. சிலருக்கு முதல் கிளையில் சற்று மேலே ஏறித்தான் இடது கழுத்துத் தமனி பிரிகிறது. இரண்டையும் ஒரே பெயரில்தான் அழைக்கிறோம்.

இன்னொன்று. கழுத்தைத் திறந்து உள்ளுரிப்புச் செய்பவனுக்கு இந்த வளைவால் பெரிய தொல்லை இல்லை. தொடை வழியாக ஸ்டென்ட் கொண்டுபோகிறவருக்குத்தான் இடது பக்கம் திரும்புகிற இடத்தில் கம்பி நிற்காது. வலது மணிக்கட்டு வழியாகப் போனால் சில நேரம் சுலபம். எனக்குப் பயம் மேற்கவைதான். நாக்கை அசைக்கும் பன்னிரண்டாம் மண்டையோட்டு நரம்பு குறுக்கே போகும். அது இழுபட்டால் நோயாளி நாக்கை நீட்டும்போது அந்தப் பக்கமாகக் கோணும். அதனால்தான் மயக்க மருத்துவரிடம் மூச்சுக்கான குழாயை வாய்க்குப் பதில் மூக்கு வழியே போடச் சொல்கிறோம். வாய் மூடியிருந்தால் தாடைக்குப் பின்னால் ஒரு விரல் இடமாவது கூடுதலாகக் கிடைக்கும்.

மடிவு உள்ளவர்களுக்கு வேறு முறை உண்டு: கவையிலிருந்து மூளைக்குப் போகும் கிளையான உட்தமனியைக் கவையில் வெட்டி, சட்டைக் கையைப் புறம் திருப்புவதுபோலத் திருப்பி உரித்துவிட்டு, கூடுதல் நீளத்தைக் குறைத்துத் திரும்பத் தைப்போம். ‘எவர்ஷன்’ என்போம். அதற்கும் சொல் வேண்டும்.

---

டாக்டர் ஐயா, திருத்தம் சரி. கணுவை விட்டுவிடுகிறேன், ‘இணைக்கிளை வளைவு’ இரண்டு வகைக்கும் பொருந்தும். எவர்ஷனுக்கு ‘புறந்திருப்பி உள்ளுரிப்பு’ நீளம்தான். ‘புரட்டுரிப்பு’ என்று சொல்லிப் பாருங்கள். நாக்கு புரள்கிறதா என்று உங்கள் தியேட்டர் நர்ஸ் அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.